பணம் யார் தருகிறார்கள் என்று பார்த்துப் பள்ளியில் சேருங்கள்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் விசாரிப்பவை பெரும்பாலும் ஒன்றுதான்: ஆங்கிலம் பேச வைப்பார்களா, வேன் வீட்டுக்கு வருமா, பத்தாம் வகுப்பு ரிசல்ட் எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு. இந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு எந்தெந்தக் கதவு திறக்கும் என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்வது அந்தக் கேள்விக்கான பதில்தான். மருத்துவக் கவுன்சலிங்கில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் நின்றுகொண்டு, "ஆறாம் வகுப்பு மட்டும்தான் சார் வெளியே படிச்சான், மத்ததெல்லாம் கவர்மெண்ட் ஸ்கூல்தான்" என்று கெஞ்சிப் பயனில்லை. அந்த ஒரு வருடம் போதும், இடம் போய்விடும்.

முதலில் பெயர்ப்பலகையை ஒழுங்காகப் படிக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, நகராட்சிப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். கேந்திரிய வித்யாலயா ஒன்றிய அரசின் பள்ளி. மாநில அரசின் ஒதுக்கீட்டுக் கணக்கில் அது வராது. மெட்ரிக், நர்சரி பிரைமரி, தனியார் சிபிஎஸ்இ எல்லாம் சுயநிதி. இவற்றுக்கு நடுவில் நிற்பது அரசு உதவி பெறும் பள்ளி. குழப்பம் முழுவதும் இங்கேதான். கட்டடமும் நிர்வாகமும் ஒரு அறக்கட்டளையுடையது அல்லது மறைமாவட்டத்துடையது. ஒப்புதல் பெற்ற ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வரும். ஆனால் அதே வளாகத்தில் அதே சீருடையில் ஆங்கில வழிப் பிரிவு ஒன்று நடக்கும். பல இடங்களில் அந்தப் பிரிவு சுயநிதி. ஆசிரியருக்கு நிர்வாகம் சம்பளம் தரும், பிள்ளையிடம் கட்டணம் வாங்கும். ஆகவே "எய்டட் ஸ்கூலா?" என்று கேட்டால் போதாது. "என் பிள்ளை உட்காரப் போகிற இந்தப் பிரிவு எய்டடா?" என்று கேட்டு, வாய்மொழியாக வரும் பதிலோடு நிற்காமல் ரசீதையும் பார்க்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு என்னும் கோடு

2020ல் வந்த சட்டத்தின்படி, நீட் தேர்வில் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நீதிபதி கலையரசன் குழு பத்து சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று நிர்ணயித்தது. முதல் ஆண்டிலேயே நானூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்பிபிஎஸ், பிடிஎஸ் வகுப்புகளில் உட்கார்ந்தார்கள். 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் இது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படிக்க வைத்த குடும்பத்தைக் கேட்டால் இதன் பண மதிப்பு என்னவென்று சொல்வார்கள்.

நிபந்தனை ஒன்றே: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. ஏழு ஆண்டும். இடையில் ஓராண்டு தனியாரில் படித்தாலும் கணக்கு உடைந்துவிடும் (கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியாரில் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, பின்னால் வருகிறது). உதவி பெறும் பள்ளி இதில் சேராது. சேர்க்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்றது, உதவி பெறும் பள்ளிகளைச் சேர்க்கவில்லை. நூறாண்டுப் பழமையான, கண்டிப்புக்குப் பேர்போன எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் காசில்லாமல் படித்த கூலித் தொழிலாளியின் மகனுக்கு இது கிடைக்காது என்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நாங்கள் சொல்வோம். ஆனால் விதி அதுதான். விதியைத் தெரிந்துகொண்டு சேர்ப்பது வேறு, தெரியாமல் சேர்த்துவிட்டுப் பின்னால் வருந்துவது வேறு.

இந்தக் கோட்டுக்குக் கீழே, அதாவது ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாலும் 7.5க்குக் கேள்வி இல்லை. ஊரில் நடப்பதோ நேர்த் தலைகீழ். ஐந்து வரை வீட்டுக்குப் பக்கத்து ஒன்றியப் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, "இனிமே பெரிய கிளாஸ்" என்று ஆறாம் வகுப்பில் கடன் வாங்கி மெட்ரிக்கில் சேர்க்கிறார்கள். பணம் செலவாகத் தொடங்குகிற அதே நாளில் சலுகையும் போகிறது. தனியார் பள்ளி மேல்தான் மனம் நிற்கிறது, கையில் இருப்பதோ ஐந்து வருடத்துக்கான பணம் என்றால், அதை முதல் ஐந்து வருடத்தில் செலவழித்துவிட்டு ஆறில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வருவதே கணக்குக்குச் சரி. பேர்போன அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு ஆங்கில வழிப் பிரிவு சீக்கிரம் நிரம்பிவிடும். ஜூனில் போனால் தமிழ் வழிதான் மிச்சம் என்பார்கள். ஏப்ரலிலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள்.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்களின் கோடு கொஞ்சம் வேறு இடத்தில் ஓடுகிறது. பெண்களுக்கான புதுமைப்பெண் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு என்று தொடங்கியது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அதிலும் எய்டட் பள்ளித் தமிழ் வழி உண்டு. கல்லூரிப் படிப்பு முடியும் வரை மாதா மாதம் மாணவர் பெயரிலுள்ள கணக்குக்கு வரும். ஆதார் இணைக்காத கணக்கு, அப்பா பெயரில் இருக்கும் கணக்கு, வருடக் கணக்கில் தொடாமல் முடங்கிப்போன கணக்கு ஆகிய மூன்றில்தான் பணம் வராமல் நிற்கும்.

மூன்றாவது, தமிழ் வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 சதவீதம். 2020ல் திருத்திய பிறகு இதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இங்கே பள்ளி அரசுடையதா தனியாருடையதா என்பது பேச்சே இல்லை, பயிற்றுமொழிதான் பேச்சு. அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவில் படித்த பிள்ளைக்கு 7.5 உண்டு, இந்த 20 கிடையாது. எய்டட் பள்ளித் தமிழ் வழிப் பிள்ளைக்கு 20 உண்டு, ஆயிரம் ரூபாய் உண்டு, 7.5 கிடையாது. அரசுப் பள்ளியில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை ஒன்றுக்குத்தான் எல்லாமே உண்டு. எந்தப் பிள்ளை மருத்துவம் போகும், எது குரூப் 4 எழுதும் என்று ஆறு வயதில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்கலாம்.

25 சதவீத இடம்: வாங்குவதும், எட்டாம் வகுப்பில் முடிவதும்

கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டோருக்கும் தர வேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். தமிழ்நாட்டில் நுழைவு வகுப்பு என்பது எல்கேஜி, எல்கேஜி இல்லாத பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. நலிந்த பிரிவு என்றால் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள். எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி பிள்ளைகள், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள், எச்ஐவி பாதித்தோர், துப்புரவுத் தொழிலாளரின் பிள்ளைகள் போன்றோர் இரண்டாவது வகை. பிசி குடும்பங்களில் பலருக்குத் தாங்கள் இதில் வருவதே தெரியாது. வருமானச் சான்றுக்கு அலைவார்கள். சாதிச் சான்று இருந்தால் அந்த வழியில் போகலாம்.

சான்றிதழ் வேலையை விண்ணப்பம் திறந்த பிறகு தொடங்கினால் தாமதம் நிச்சயம். இ-சேவை மையத்தில் முதலில் கேன் எண் (சான்றிதழ் கேட்பவருக்கான பதிவு எண்) பதிய வேண்டும். பிறகு மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். மனுவுக்கு 60 ரூபாய்தான், நாட்கள்தான் கரையும். அட்மிஷன் சீசனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் விஏஓ மேசையில் தேங்கும். பிப்ரவரியில் போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அதற்கும் முன்னால் போட்டுப் பயனில்லை. குழந்தையின் பெயர் பிறப்புச் சான்றில் ஏறியிருக்க வேண்டும். "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கிற சான்றோடு வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. வயதுக்கு ஜூலை 31தான் கணக்கு: அன்றைக்கு மூன்று முடிந்திருந்தால் எல்கேஜி, ஐந்து முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு.

விண்ணப்பத்தில் அதிகம் தடுக்கி விழும் இடம் வரைபடம். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இணையதளத்தில் உங்கள் வீட்டின் மேல் ஒரு குறியை வைக்கச் சொல்லும். அந்தக் குறியைச் சுற்றியுள்ள பள்ளிகள்தான் பட்டியலில் வரும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் அவசரத்தில் குறியைத் தெரு மாற்றி வைப்பான். கடையிலிருந்தே இடத்தை எடுத்துக்கொண்டால் கடையைச் சுற்றியுள்ள பள்ளிகள் வரும். எப்படியோ விண்ணப்பம் போய்விடும். பிறகு ரேஷன் கார்டு முகவரியோடு ஒத்துப்பார்க்கும்போது தள்ளுபடி ஆகும். உங்கள் தெருவை நீங்களே திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அடையாளத்துக்கு ஒரு கோயிலோ தண்ணீர்த் தொட்டியோ தெரிகிறதா என்று உறுதி செய்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போங்கள். வாடகை வீடு மாறியிருந்தால் ரேஷன் கார்டு முகவரியை முதலில் மாற்றுங்கள். பேர்போன ஒரே பள்ளியை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பதும் தவறு. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல்தான். அதே தெருமுனையில் இன்னொரு பள்ளியில் இடம் காலியாகவே போகும்.

குலுக்கலுக்குக் கட்டாயம் நேரில் போங்கள். பெயர் வந்த பிறகு, "டியூஷன் ஃபீஸ்தான் இலவசம், புக்ஸ், யூனிஃபார்ம், ஆக்டிவிட்டிக்குத் தனியாக் கட்டணும்" என்ற பேச்சு வரும். சட்டத்தின் விதிகள் பாடநூலும் எழுதுபொருளும் சீருடையும் இலவசம் என்கின்றன. நடைமுறையில் அந்தச் செலவு பெற்றோர் தலையில்தான் விழுகிறது. வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் அந்தத் தொகை எதற்கு என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

பள்ளிகள் பக்கம் ஒரு நியாயமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அரசு திருப்பித் தருவது பள்ளியின் கட்டணமோ, அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவோ, இரண்டில் எது குறைவோ அது. அதுவும் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து வரும். முப்பது பிள்ளை படிக்கும் சின்ன நர்சரி பள்ளியில் ஏழு பேரின் கட்டணம் இப்படி நிலுவையில் நின்றால் ஆயாவுக்குச் சம்பளம் தருவதே சிரமம். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் 2024-25 நிதியில் ஒன்றிய அரசின் பங்கு 2,152 கோடி ரூபாயை, பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசுப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று நிறுத்திவைத்தார்கள். இந்தக் கட்டணப் பணமும் அதற்குள்தான் இருந்தது. விளைவு, 2025-26க்கான சேர்க்கை வழக்கமான மாதங்களில் தொடங்கவே இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போய், இந்தப் பகுதிப் பணம் மட்டும் வந்த பிறகு அக்டோபரில்தான் நடைமுறை தொடங்கியது. அதற்குள் பாதிக் கல்வியாண்டு ஓடிவிட்டது. இந்த ஒதுக்கீட்டை மட்டும் நம்பி வேறெங்கும் சேர்க்காமல் காத்திருப்பது ஆபத்து என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

இன்னொரு ஏமாற்றம் சிறுபான்மைப் பள்ளி. கான்வென்ட் என்றாலே மனம் போகும். 2014ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இன்னொரு அமர்வு அந்தத் தீர்ப்பே சரியா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரும் வரை அங்கே 25 சதவீதம் கேட்க முடியாது.

எட்டாம் வகுப்போடு அரசு தரும் பணம் நின்றுவிடும். எல்கேஜி முதல் பத்து வருடம் ஒரே பள்ளியில் இருந்த பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு ஃபீஸ் சீட்டு முழுத் தொகையோடு வரும். பதினான்கு வயதில் நண்பர்களை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அழுவார்கள். பெற்றோர் கடன் வாங்குவார்கள். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது: 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியாரில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 ஒதுக்கீட்டுக்கும் புதுமைப்பெண்ணுக்கும் தகுதி உண்டு. அதே தனியார் பள்ளியில் கட்டணம் கட்டி ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் இரண்டும் இல்லை. ஆகவே எட்டாம் வகுப்பு முடியும் மே மாதத்தில் மாறிவிட வேண்டும். அப்போதே, இந்தப் பிள்ளை ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை கட்டாயக் கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் படித்தது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். நான்கு வருடம் கழித்துப் போனால் அங்கே முதல்வர் மாறியிருப்பார், பதிவேடு எந்த அலமாரியில் என்று யாருக்கும் தெரியாது.

தனியாரில் கட்டணம் கட்டிப் படிப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் தனியார் பள்ளி தன் இஷ்டத்துக்குக் கட்டணம் வைக்க முடியாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு பள்ளியின் இடம், கட்டமைப்பு, நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்கான நியாயமான உபரி எல்லாம் பார்த்து, வகுப்புவாரியாக மூன்று ஆண்டுக்குக் கட்டணம் நிர்ணயிக்கும். சிபிஎஸ்இ பள்ளிக்கும் இது பொருந்தும். கூடுதலாக வாங்கியது நிரூபணமானால் திருப்பித் தர வேண்டும். சட்டத்தில் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைகூட இருக்கிறது. பெற்றோருக்கோ தங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்பதே தெரியாது.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம், தொகைகள் எடுத்துக்காட்டுக்கு. நான்காம் வகுப்புக்குக் குழு நிர்ணயித்தது 21,000 ரூபாய். பள்ளி தரும் தாளில் டெர்ம் ஃபீஸ் 7,000 வீதம் மூன்று. இது சரியாகவே இருக்கும். அதன் கீழே "ஸ்மார்ட் கிளாஸ் 4,500", "அபாகஸ், கராத்தே 3,000", "புக்ஸ் அண்ட் நோட்ஸ் 6,800", "வேன் 11,000". மேலே உள்ள 21,000க்கு மட்டும் அச்சடித்த ரசீது. கீழே உள்ளவற்றுக்கு அறக்கட்டளைப் பெயரில் ஒரு துண்டுச் சீட்டு, அல்லது வேறொரு கடைப் பெயரில் பில், அல்லது எதுவுமே இல்லை. ஆகவே புகார் கொடுப்பவர் கையில் சட்டப்படியான ரசீது மட்டும்தான் இருக்கும், மீறலுக்குச் சாட்சி இருக்காது. புகார்கள் தோற்பது இதனால்தான். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ யுபிஐயிலோ கொடுங்கள். பள்ளி வாட்ஸ்அப்பில் அனுப்பும் கட்டண விவரத்தை அழிக்காமல் வையுங்கள். நிர்ணயித்த கட்டணத்தைக் குழுவின் உத்தரவில் பார்த்துக்கொண்டு, மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் ஒரு மனுவும், சென்னைக் கல்லூரிச் சாலையில் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்திலுள்ள கட்டணக் குழுவுக்கு ஒரு பிரதியும் அனுப்புங்கள். ஒரு பெற்றோர் தனியாகப் போனால் பிள்ளையை நினைத்துப் பயம் வரும். பத்துப் பேர் ஒரே தாளில் கையெழுத்திட்டால் பயம் அந்தப் பக்கம் மாறும்.

சேர்க்கும்போது பிள்ளைக்குத் தேர்வு வைப்பதும், பெற்றோரை நேர்காணல் செய்வதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் முறை 25,000, அடுத்தடுத்து 50,000 ரூபாய் அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை.

வெளியே வரும்போது டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ். ஃபீஸ் பாக்கி என்று டிசியைப் பிடித்துவைப்பது பழைய ஆயுதம். பாக்கியை டிசியில் எழுதக் கூடாது, டிசி கட்டண வசூலுக்கான கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சேர டிசி தாமதம் ஒரு தடையே இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவிலேயே அது இருக்கிறது. காகித டிசியைவிட இப்போது முக்கியம் எமிஸ், அதாவது கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் உண்டு. பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து பிள்ளையை விடுவித்துப் பொதுத் தொகுப்பில் போட வேண்டும், அங்கிருந்து புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும். "காமன் பூல்ல போட்டுட்டாங்களா?" என்று எச்.எம். கேட்பது இதைத்தான். தனியார் பள்ளி டிசி தந்துவிட்டு இதைச் செய்யாமல் விடும், சில சமயம் வேண்டுமென்றே. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பதிவேட்டில் இருக்காது. புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் நிற்கும். டிசி வாங்கும் அன்றே அலுவலகத்தில் உட்கார்ந்து, திரையில் மாற்றியதைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். செய்யவில்லை என்றால் 14417 என்ற உதவி எண்ணில் சொல்லலாம். வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகவும் விடுவிக்க முடியும்.

அரசுப் பள்ளியில் எதைப் பார்ப்பது

வர்ணம் பூசிய சுவரைப் பார்க்காதீர்கள். ஆசிரியர் எண்ணிக்கையைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 120 வரை நான்கு. இரண்டே ஆசிரியர் என்றால் ஐந்து வகுப்பையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ எமிஸ் வேலைக்கோ போனால் பள்ளியே ஒற்றை ஆசிரியர் பள்ளி. கேட்க வேண்டிய கேள்வி: "அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்றைக்கு நிரம்பியிருப்பது எத்தனை, யாராவது மாற்றுப்பணியில் வேறெங்காவது இருக்கிறார்களா?" பணியாளர் நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கைதான் கணக்கு. 61ஆவது பிள்ளை ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வந்து சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியருக்கு அந்த வருடம் வழியில்லை. பணிநிரவலில், அதாவது உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றும்போது, அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். ஊரில் யாராவது அரசுப் பள்ளிக்கு மாறும் எண்ணத்தில் இருந்தால் ஜூலைக்குள் மாறச் சொல்லுங்கள்.

பணமும் இப்படியே படிப்படியாகத்தான் ஏறும். சமக்ர சிக்ஷாவின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 30 பிள்ளை வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். 28 பிள்ளை படிக்கும் பள்ளியை எடுங்கள். பத்தாயிரத்தில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மிச்சம் 9,000, மாதத்துக்கு 750 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, பிரிண்டர் மை, உடைந்த குழாய், மாற்ற வேண்டிய டியூப் லைட் எல்லாம் இதற்குள். மூன்று பிள்ளை கூடுதலாகச் சேர்ந்தால் இது இரண்டரை மடங்காகும். விளையாட்டுப் பொருளுக்குத் தனியாகத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000. பள்ளிக் கல்விக்கு மாநில பட்ஜெட்டில் 2025-26ல் 46,767 கோடி ஒதுக்கினார்கள், மிகப் பெரிய தொகைதான். அதில் பெரும்பகுதி சம்பளம். வகுப்பறைக் கதவு வரை வந்து சேருவது இந்த 750தான்.

அதுவும் ஜூனில் வராது. ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் மேலே இழுபறி ஆனால் கீழே மானியம் ஆண்டின் பின்பாதியில் வரும். மார்ச் 31க்குள் செலவு செய்தாக வேண்டும். அவசரத்தில் தேவையில்லாத பொருள் வாங்குவதும், போலி பில்லுக்கு வாய்ப்பு வருவதும் அந்தக் கடைசி வாரங்களில்தான். இதைத் தடுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வழி உண்டு. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். டிசம்பரிலேயே கூட்டத்தில் "மானியம் வந்தால் முதலில் கழிப்பறைக் கதவு, இரண்டாவது குடிநீர்த் தொட்டி" என்று வரிசை போட்டுத் தீர்மானம் எழுதிவிட்டால், மார்ச்சில் பணம் வந்ததும் அந்த வரிசைப்படிதான் போக வேண்டும். தீர்மான நோட்டில் தொகையோடும் அளவோடும் எழுதுங்கள். "கழிப்பறை பராமரிப்பு" என்று எழுதினால் எதுவும் நடக்காது. "பெண்கள் கழிப்பறை, இரண்டு கதவு, ஆறடிக்கு இரண்டரை அடி, பிவிசி" என்று எழுதினால் நடக்கும். பல ஊர்களில் குழுத் தலைவியைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். பில்லில் உள்ள பொருள் பள்ளியில் இருக்கிறதா என்று பார்க்காமல் அவர் பேனாவை எடுக்கக் கூடாது. பெரிய வேலை, அதாவது சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை என்றால் மானியத்தில் தேடாதீர்கள். குழுத் தீர்மானத்தை அதற்கான கைபேசிச் செயலியில் ஏற்றி, கிராம சபையிலும் அதே தீர்மானத்தை வைத்து, ஊராட்சி ஒன்றியத்தையோ சட்டமன்ற உறுப்பினர் நிதியையோ கேட்க வேண்டும். முன்னாள் மாணவர்கள் தர முன்வந்தால் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" வழியாகத் தரச் சொல்லுங்கள். கையில் பணமாக வாங்கினால் கணக்குக்கு யார் பொறுப்பு என்று பின்னால் சண்டை வரும்.

காலை உணவும் கணக்கில் சேரட்டும். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா அரசுப் பள்ளிகளிலும் 2023 ஆகஸ்டிலிருந்தும், கிராமப்புற எய்டட் பள்ளிகளில் 2024 ஜூலையிலிருந்தும், நகர்ப்புற எய்டட் பள்ளிகளில் 2025 ஆகஸ்டிலிருந்தும் உண்டு. காலையில் ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் வீட்டில் இது சோற்றுக் கணக்கோடு நிற்பதில்லை, நேரக் கணக்கும்கூட.

கடைசியாக, காகிதம். பிள்ளை படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும், விட்டு வரும்போதே, எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை, எந்தக் கல்வியாண்டுகளில், எந்தப் பயிற்றுமொழியில் படித்தது என்று தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சான்று வாங்குங்கள். தமிழ் வழிச் சான்று, அரசுப் பள்ளிச் சான்று இரண்டும் வேறு வேறு படிவம். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. தேர்வாணையத்துக்கு அவர்கள் படிவத்தில்தான் வேண்டும். இனிஷியல், பெயர் எழுத்து, பிறந்த தேதி ஆகிய மூன்றும் ஆதாரிலும் எமிஸிலும் பிறப்புச் சான்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எட்டாம் வகுப்புக்குள் சரிபார்த்துவிட வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போன பிறகு ஒரு புள்ளியை மாற்றுவதற்குக்கூடச் சென்னை வரை கோப்பு போக வேண்டியிருக்கும்.